சுற்றுக்கோட்டையும் அல்லிக்கோட்டையும்: திரைப்படத்தினின்று பிறந்த ஒரு மாயக்கதை நாவல்

மன்னார்ப் பெருநிலத்தின் கடற்கரையிலே அரிப்பு என்னும் துறை உளது. அங்கே அலை மோதி இடிந்து வீழ்ந்துகொண்டிருக்கும் பாழ்மனை ஒன்றை மக்கள் அல்லிராணி கோட்டை என வழங்குவர். ஆடவரை வெறுத்துப் பெண்ணரசு செலுத்தியவளாகக் கதைப்பாடல் கூறும் அல்லி அரசாணியின் மாளிகை அதுவே என்பது செவிவழிச் செய்தி. வரலாறு கூறுவது வேறு. 1798 முதல் 1805 வரை பிரித்தானியரின் முதல் தேசாதிபதியாக இலங்கையில் இருந்த பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்தற்பொருட்டு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த இல்லம் அது. கிரேக்கரின் டோரிக் முறைத் தூண்களை உடைமையால் ஆங்கிலேயர் அதற்கு டோரிக் என்றே பெயரிட்டனர். தேசாதிபதி கட்டிய வீட்டிலே கதையானது ஓர் அரசியைக் குடியேற்றிவிட்டது.

இத்தகைய செய்கையைப் பாமரர் அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் ஆழ்ந்து நோக்குவார்க்கு ஒரு வினா எழும். மாயக்கதை வரலாற்றை மறைக்கின்றதா? அன்றி, வரலாறு வாய்திறந்து கூறாத ஒன்றைத் தன் மொழியிற் கூறுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குத் துணைசெய்யும் நூலொன்று 2019 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மெக்சிக்கோ நாட்டுத் திரைப்பட நெறியாளர் கில்லெர்மோ டெல் தோரோவும், செர்மானியச் சிறுவர் நூலாசிரியை கொர்னேலியா புங்கேயும் இணைந்து அளித்த 'பான்ஸ் லாபிரிந்த்' என்னும் நாவலே அது. டெல் தோரோ 2006 ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியில் ஆக்கிய திரைப்படமே அதற்கு மூலம். அப்படம் கான் திரைப்பட விழாவில் முதன்முதற் காட்டப்பெற்று, பின்னர் ஒளிப்பதிவு, கலையமைப்பு, ஒப்பனை ஆகிய மூன்றுக்கும் ஒஸ்கார் பரிசுகள் பெற்றது.

லாபிரிந்த் என்பது உட்புகுந்தோர் வழி மயங்குமாறு சுற்றுச் சுற்றாக அமைந்த சுவர்வழியாகும். தமிழ்நாட்டில் நிலத்தின்மீது கல்லடுக்கி அமைக்கப்பெற்ற இவ்வகைச் சுழல்வழியை ஏழு சுற்றுக் கோட்டை என மக்கள் வழங்குதலின், ஈண்டு அதனைச் சுற்றுக்கோட்டை என்றே கூறுதல் பொருந்தும். அக்கோட்டையிலே வதிபவன் ஆட்டுக் காலும் கொம்பும் உடைய வனதேவன். உரோமர் புராணம் கூறும் இனத்தைச் சார்ந்தவன் அவன்.

நாவல் திரைப்படமாதல் தமிழர்க்குப் பழகிய வழக்கு. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968 இலும், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகவும் திரையேறின. திரைப்படம் நாவலாதல் அத்துணைப் பழக்கமுடையதன்று. எனினும் அவ்விரண்டும் ஒருங்கு வளர்ந்த நிகழ்ச்சியொன்று தமிழில் உண்டு. கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக்கினார். படத்தின் காட்சிகளே தொடருக்குரிய சித்திரங்களாக இதழில் அச்சேறின. 1939 இல் வெளிவந்த அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது. ஒரு கதை கண்ணாலும் எழுத்தாலும் ஒருங்கே நுகரப்படலாம் என்பதும், ஆள்வோர் அஞ்சும் ஆற்றல் கதைக்கு உண்டு என்பதும் அந்நிகழ்ச்சியாற் பெறப்படும் இரு செய்திகள். புங்கேயின் நாவலைக் கற்போர் அவ்விரண்டையும் மனத்திற் கொள்ளல் நன்று.

இனிக் கதையின் சுருக்கம் வருமாறு. ஸ்பெயினிலே 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. தளபதி பிராங்கோ வென்று, 1975 இல் இறக்கும்வரை சர்வாதிகாரியாக ஆண்டான். தோற்றோருட் சிலர் மலைக்காடுகளிற் கரந்துறைந்து போரைத் தொடர்ந்தனர். கதை நிகழும் ஆண்டு 1944. அக்கரந்துறை வீரரை வேரறுக்க வந்த கப்டன் விதால், காட்டின் நடுவேயுள்ள பழைய ஆலையொன்றைப் பாசறையாக்கி இருக்கின்றான். தையற்காரரான கணவரை இழந்த கார்மென் என்பவள் அவனை மறுமணம் புரிந்து, நிறைசூலியாக அவ்விடம் வருகின்றாள். அவளுடன் வரும் மகள் ஒபேலியா கதை நூல்களை நெஞ்சோடணைத்து வருகின்றாள்.

ஆலையின் அருகேயுள்ள சுற்றுக்கோட்டையில் ஒபேலியா வனதேவனைக் காண்கின்றாள். முன்னொரு காலத்திற் பாதல அரசினின்று நீங்கி மண்ணுலகில் மாண்ட மோவானா என்னும் அரசிளங்குமரியே அவள் என அவன் கூறுகின்றான். நிறைமதி நாளுக்கு முன் மூன்று சோதனைகளில் அவள் தேறின், தன் தந்தையின் அரசுக்கு மீளலாம். முதலாவது, உலர்ந்துவரும் அத்திமரத்தின் அடியில் வாழும் பெருந்தேரையின் வயிற்றிலுள்ள பொற்றிறவுகோலைப் பெறுதல். இரண்டாவது, உள்ளங்கைகளிலே கண்களையுடைய வெளிறிய அரக்கன் முன்னே விரிந்திருக்கும் விருந்தினைத் தீண்டாது, உடைவாள் ஒன்றை எடுத்து மீளுதல். மூன்றாவது, தாயுயிரைக் கொண்டு பிறந்த பச்சிளந் தம்பியின் குருதி சில துளி சிந்துதல். அவள் மறுக்கின்றாள். தொடர்ந்து வந்த விதால் அவளைச் சுட்டு வீழ்த்துகின்றான். அவள் குருதியே சுற்றுக்கோட்டையின் நடுவிலுள்ள பள்ளத்தில் துளித்து வழி திறக்கின்றது. பிறர் குருதி சிந்த மறுத்தமையே அவள் தேறிய சோதனை என்று பாதல அரசன் கூற, அவள் தன் அரியணை சேர்கின்றாள். மண்ணுலகிலோ அவள் உடல் மெர்செடெஸ் என்னும் பணிப்பெண்ணின் மடியிற் கிடக்கின்றது.

இக்கதையைப் படத்திற் கண்டார்க்கு நாவலால் வரும் பயன் யாது? நிகழ்ச்சிகளின் வைப்பிலும் உரையாடலிலும் நாவல் படத்தைப் பெரும்பாலும் அடியொற்றியே செல்கின்றது. வேறுபாடு இரண்டிடத்தில் உளது. முதலாவது, உள்ளத்தைக் காட்டும் முறை. திரை, முகத்தைக் காட்டும். முகத்தின் பின்னுள்ள நினைவைக் காண்போரே உய்த்துணர்தல் வேண்டும். நாவலாசிரியை ஒபேலியாவின் நெஞ்சினுள் மட்டுமன்றி, விதாலின் நெஞ்சினுள்ளும் புகுகின்றார். கொடியோன் உள்ளத்தை அறிதல் அவனுக்கு இரங்குதற்பொருட்டன்று. கொடுமை எவ்வாறு தன்னை ஒழுங்கு என்றும் கடமை என்றும் எண்ணிக்கொள்கின்றது என்பதை அறிதற்பொருட்டேயாம். மெர்செடெஸ் தன் உடன்பிறந்தானாகிய காட்டுவீரன் பெட்ரோவுக்கு ஒளித்து உதவிக்கொண்டே, பகைவனுக்கு உணவு சமைக்கும்போது அடையும் அச்சமும் நாணமும் எழுத்திலே நின்று நிதானித்து அறியக் கிடக்கின்றன.

இரண்டாவது, கிளைக்கதைகள். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் பயின்றார்க்குக் கதையினுள் கதை வைக்கும் முறை புதிதன்று. இந்நாவலின் இயல்களுக்கிடையே, சுற்றுக்கோட்டை எழுந்தவாறும் ஆலையின் பழைய வரலாறும் போன்றவை தனித்தனி மாயக்கதைகளாகப் புகுத்தப்பட்டுள்ளன. படத்தில் வெறும் பின்புலமாய் நின்ற கல்லும் நீரும் கருவியும் நாவலிலே தத்தம் கதையைப் பெறுகின்றன. அரிப்புக் கரையிலே மக்கள் செய்ததும் இதுவேயன்றோ?

இவ்வாக்கத்தால் இழப்பும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேரிய திறனாய்வன்று. படத்திலே விதால் ஒபேலியாவைத் தொடர்ந்து சென்று நோக்குமிடத்து, வனதேவன் அவன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. சிறுமி வெறுவெளியோடு பேசுவதே தெரிகின்றது. ஆகவே பாதல அரசு மெய்யோ, துன்புற்ற குழந்தை ஒன்றின் கற்பனையோ என்னும் ஐயம் காண்போர் உள்ளத்தில் இறுதிவரை நிற்கின்றது. நாவலில் கிளைக்கதைகளை ஆசிரியரே தம் கூற்றாக எடுத்துரைத்தலின், மாயவுலகம் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெறுகின்றது. ஐயம் சுருங்கவே, படத்தின் துயரமும் ஓரளவு தணிகின்றது. படத்தை முன்னர்க் காணாதவர் நாவலைக் கற்கும்போது, இறுதியில் எய்தும் ஆறுதல் சற்றே மலிவாகக் கிடைத்துவிட்டது போலத் தோன்றுதல் கூடும். ஆயினும் எழுத்தாலாய நூலுக்கு வேறொரு நன்மை உண்டு. காட்சி ஓடிவிடும், ஏடு நிற்கும். ஒரு நிகழ்ச்சியையும் அதற்கிணையான மற்றொன்றையும் முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிடுதல் நாவலைக் கற்போர்க்கே எளிது. இக்கதையின் பொருள் அவ்வொப்பீட்டிலேதான் தங்கியிருக்கின்றது.

ஒப்பீடுகளுட் சில வருமாறு. விதால் ஊரிலுள்ள செல்வரையும் குருவையும் அழைத்து விருந்து வைக்கின்றான். அவ்விருந்தில், மக்களுக்குப் பங்கீட்டுக் கூப்பனால் வழங்கும் உணவை மேலும் குறைத்தல் பற்றிய பேச்சு நிகழ்கின்றது. வெளிறிய அரக்கனும் நீண்ட மேசையொன்றின் தலைப்பில், கனியும் இறைச்சியும் நிறைந்த விருந்தின் முன்னே அமர்ந்திருக்கின்றான். அவனைச் சூழக் கொன்று தின்னப்பட்ட குழந்தைகளின் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. பண்டசாலையின் திறவுகோலைப் பறித்து மடியில் வைத்திருப்பவன் விதால். பொற்றிறவுகோலை வயிற்றில் அடக்கி அத்திமரத்தை உலர்த்துவது தேரை. வேரடியில் இருந்து சாற்றையெல்லாம் உறிஞ்சும் தேரை எந்நாட்டின் எவ்வகை ஆட்சிக்கு உவமை என்பது கூறாமலே விளங்கும். மன்னார்ப் பள்ளிமுனையில், அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெருக்க மரத்தின் ஏறக்குறைய 19 மீற்றர்ச் சுற்றளவுள்ள அடிமரத்தைக் கண்டவர்க்கு, மரமொன்றினுட் புகுந்து ஒரு சிறுமி ஊர்ந்து செல்லுதல் மிகைக் கூற்றாகவும் தோன்றாது.

ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால், ஒரு கிளியின் உடலிலே தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கனைத் தமிழ்க் குழந்தைகள் நன்கறிவர். கிளியின் கழுத்தைத் திருகினாலன்றி அவன் மாளான். விதாலுக்கு அக்கிளி ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அவன் தந்தை போர்க்களத்தில் வீழ்ந்தபோது, தான் மாண்ட நேரத்தை மகன் அறியவேண்டி அதனைக் கல்லில் மோதி நிறுத்தினான் என்பர். விதால் அதனைச் செப்பனிட்டு நாள்தோறும் பேணுகின்றான். தந்தையின் புகழும் தன் பெயரும் மகன்வழி நிலைத்தலுமே அவன் உயிர். கதையின் முடிவில் காட்டுவீரர் அவனைச் சூழ்கின்றனர். அவன் குழந்தையை மெர்செடெஸ் கையிற் கொடுத்து, தான் மாண்ட நேரத்தை மகனுக்குச் சொல்லுமாறு வேண்டுகின்றான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது என்னும் கருத்துப்பட அவள் மறுமொழி கூறுகின்றாள். துப்பாக்கிக் குண்டு பாயுமுன்னரே கிளியின் கழுத்துத் திருகப்பட்டுவிட்டது.

மூன்று சோதனைகள் என்னும் அமைப்பும் இந்திய மரபுக்கு அயலானதன்று. தந்தையின் சினச்சொல்லால் யமனுலகு சென்று மூன்று இரவு காத்திருந்து மூன்று வரம் பெற்ற நசிகேதன் கதை கடோபநிடதத்தில் உளது. கூற்றுவனின் வாயிலில் நின்று அஞ்சாது வினாவிய சிறுவன் அவன். ஒபேலியாவும் வினாவுபவளே. ஆயின் அவள் கதையின் உயிர்நிலை மூன்றாஞ் சோதனை. சைவ நூல் பயின்றார்க்கு அவ்விடத்தில் சிறுத்தொண்ட நாயனார் வரலாறு நினைவுக்கு வராமற் போகாது.

திருச்செங்காட்டங்குடியிலே பைரவக் கோலத்துடன் வந்த இறைவன் பிள்ளைக் கறி வேண்டினான். சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் தம் ஒரே மகன் சீராளனை உவந்து அளித்தனர். இறுதியில் தந்தை அழைக்க மகன் ஓடிவந்தான். அடியார் சிவனடி சேர்ந்தார். ஈண்டு வனதேவன் குழந்தையின் குருதியைக் கேட்கின்றான், ஒபேலியா மறுக்கின்றாள், அவளும் தான் விழைந்த உலகை அடைகின்றாள். ஒன்று கொடுத்தலின் எல்லை. மற்றொன்று மறுத்தலின் எல்லை. இரண்டும் முரணுவன போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. சிறுத்தொண்டர் கொடுத்தது தம் உயிரினும் இனியதை, பிறர் பொருளையன்று. ஒபேலியா இழந்ததும் தன் அரசையும் தன் உயிரையுமே, தம்பியின் உயிரையன்று. தன்னது எதையும் இழக்க ஒருப்படுதலும், பிறனுடையதைத் தான் எடுத்துக் கொடுக்க ஒருப்படாமையுமே அவள் அறம். எனினும் சிறுத்தொண்டர் வரலாற்றைக் கற்கும் இளையோர் உள்ளத்தில், சீராளன் கருத்தை எவரேனும் கேட்டனரா என்னும் வினா எழுதல் இயல்பு. அவ்வினாவை எழுப்புதல் பத்தியைப் பழித்தலாகாது. மறுதலைக் கதையொன்றைக் கற்றபின் தன் மரபின் கதையையும் ஆழ்ந்து கற்றலே கல்வியின் பயன்.

கீழ்ப்படிதல் மாணவர்க்கு அணிகலன் எனப் பள்ளிகளிற் கற்பிக்கப்படுகின்றது. அது பெரும்பாலும் உண்மை. ஆயின் இந்நூலிலே நற்பாத்திரங்கள் யாவரும் உரிய வேளையிற் கீழ்ப்படியாதவர். சித்திரவதையுற்ற கைதியின் வேண்டுகோட்கு இரங்கி அவன் துன்பத்தை முடித்துவைத்த மருத்துவர், வினாவாது பணிதல் விதால் போன்றோர்க்கே இயலும் என்று கூறி உயிர்விடுகின்றார். ஒபேலியாவின் கீழ்ப்படியாமையோ இருவகையினது. அரக்கனின் விருந்தில் இரண்டு திராட்சைக் கனிகளை உண்டது ஆசையால் விளைந்த பிழை. அதன் விலையாக அவளுக்குத் துணைவந்த சிறு தேவதைகள் இரண்டு மாண்டன. தம்பியைத் தர மறுத்தது அறிவால் விளைந்த துணிவு. அவ்விரண்டையும் ஒரு கதையினுள்ளேயே வைத்து, அவற்றின் வேற்றுமையை உபதேசமின்றி உணர்த்துதல் இக்கதையின் பெருஞ்சிறப்பு. எப்பொழுது பணிதல், எப்பொழுது மறுத்தல் என்று தேர்ந்தறிதலே பயிற்சியால் வரவேண்டுவது. இரணியன் முன் நின்ற பிரகலாதனும் அதனையே கற்பித்தான்.

இத்துணை இருளும் குருதியும் நிறைந்த கதையை இளையோர் கையிற் கொடுத்தல் தகுமோ என்று வினவுவாரும் உளர். வினா தகுதியுடையதே, சித்திரவதைக் காட்சிகள் உடைமையின் இது சிறு குழந்தைகட்குரிய நூலன்று. ஆயினும் உயர்வகுப்பு மாணவர்பொருட்டு அவ்வினாவுக்கு விடையளிப்பார் மன்னார் நிலப்பரப்பை ஒருகாற் கருதுதல் வேண்டும். விடத்தல்தீவுக்கு உள்நாட்டுப் பக்கமாக அமைந்த ஊர் பெரியமடு. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. கண்ணன் என்னும் சிறுவன் காளியன் என்னும் நச்சரவை அடக்கியதும் ஒரு மடுவிலேயே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இப்பகுதி முஸ்லிம்களும் வீடு வாசல் துறந்து சென்றனர். 2008 இல் போர்முனை இவ்வூர்களினூடே சென்றது. அவ்வாண்டு ஏப்பிரிலில், மடுத் தேவாலயத்து அன்னையின் திருச்சொரூபத்தையே குருமார் எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. ஓகத்தில் அது தன் ஆலயம் மீண்டது. மக்களுட் பலர்க்கோ மீட்சி அத்துணை விரைவில் வாய்க்கவில்லை. இத்தகைய நிலத்திலே பிறந்த பிள்ளைக்கு, போர்க்காலத்தில் ஒரு சிறுமி நூல்களை நெஞ்சோடணைத்து அயலிடம் செல்லுதலின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. இருள் அவர்களுக்கு நூலால் வருவதன்று. நூல் செய்வது, பெயரின்றிக் கிடந்த இருளுக்குத் தேரை என்றும் அரக்கன் என்றும் ஒரு வடிவு கொடுத்தலே. வடிவு பெற்றதை எதிர்நோக்கலாம், அதனோடு பேசலாம், அதற்கு மறுப்பும் சொல்லலாம்.

மாயமும் ஆட்சியும் ஒருங்கு வாழ்ந்த இடமே அரிப்புக் கரையும். சலாப காலத்தில் முத்துக் குளிப்போர் கல்லைக் காலிற் பிணைத்துக் கடலடிக்கு இறங்குமுன், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவன் என நம்பப்பட்ட கடல்கட்டியின் துணையை நாடினர். அவனுக்கு ஆங்கில அரசே ஊதியமும் அளித்தது. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அரசு, மந்திரமின்றித் தன் வருவாய் வாராது என்பதை அறிந்திருந்தது. கடலடியிலே மூச்சடக்கியோர் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மேட்டிலே தூண் நாட்டியிருந்து முத்தை எண்ணியவரின் பெயர் ஏட்டில் உண்டு.

ஆனால் மக்கள் நாவில் அப்பெயர் இல்லை. அங்கு நிலைத்திருப்பது அல்லியின் பெயர். தன் பெயர் நிலைக்க விரும்பிய விதாலுக்கு மெர்செடெஸ் அளித்த மறுமொழியையே, தம்மை அறியாமல் அரிப்பு மக்களும் தம் தேசாதிபதிக்கு அளித்தனர் என்னலாம். வரலாறு செய்ய இயலாத நீதியைக் கதை செய்துகொண்டது. எனினும் கதை அவ்வளவில் நின்றுவிடின் குறையொன்று எஞ்சும்: ஆண்டவன் பெயரோடு குளித்தோர் துயரும் மறைந்துபோம். ஆகவே கதையை மட்டும் கற்றோர் துயரை இழப்பர். வரலாற்றை மட்டும் கற்றோர் அத்துயருற்றோர் அதனை எங்ஙனம் தாங்கினர் என்பதை இழப்பர். ஒபேலியாவின் உடல் மண்ணிற் கிடப்பதையும், அவள் பாதல அரசில் அமர்ந்திருப்பதையும் ஒருங்கே காட்டி முடியும் இந்நூல், இரண்டில் ஒன்றையும் கைவிடாது கற்கும் முறையைக் கற்பிக்கின்றது. அரிப்புக்குச் செல்லும் மாணவர் அங்கே அல்லியையும் காண்க, நோர்த்தையும் காண்க, அவ்விருவர்க்கும் அப்பால், கடலடியிற் கல்லோடு இறங்கியோரையும் காண்க.